குடியை விட்டவர் வீட்டில்

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவருடைய கணவர் குடியை விட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. ஞாயிறுதோறும் அவரைத் திருப்பலியில் கண்டு நாமும் மகிழ்ந்திருந்தோம். அத்தாயின் முகத்திலோ மகிழ்ச்சி இல்லை.

“சாமி, அவர் வீடு திரும்பியதும் இன்னும் வாயை முகர்ந்து பார்க்கிறேன். சம்பளத்தை இருமுறை எண்ணுகிறேன். அப்பாவிடம் கேட்க வேண்டியதையும் பிள்ளைகள் என்னிடமே கேட்கிறார்கள். அவர் திருந்திவிட்டார், நான்தான் இன்னும் திருந்தவில்லை போலும்” என்றார்.

பொறுமையாயிருங்கள், செபியுங்கள் என்று சொல்லியனுப்பினோம். அது போதாது என்பது பின்னரே நமக்கு விளங்கிற்று.

அமெரிக்காவில் 1935-இல் குடிநோயாளர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் தோன்றியது. அதைத் தொடங்கிய இருவருள் ஒருவர் பில் வில்சன். அவருடைய மனைவி லோயிஸ், கணவரின் குடியோடு பல ஆண்டுகள் போராடியவர். கடையில் வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். 1934 டிசம்பரில் கணவர் குடியை விட்டார். பின்னர் ஒருநாள், கூட்டத்திற்குப் புறப்படும்படி அவர் அவசரப்படுத்தியபோது, லோயிஸ் சினந்து காலணியை அவர்மேல் எறிந்துவிட்டார்! தாம் இத்தனை ஆண்டுகள் உழைத்தும் முடியாததைப் புதிய நண்பர்கள் முடித்துவிட்டார்களே என்ற மனத்தாங்கல் உள்ளே கிடந்தது. தமக்கும் மருந்து வேண்டும் என்பதை அவர் உணர்ந்தது அப்போதுதான். குடிநோயாளரின் உறவினருக்கென 1951-இல் அவர் மற்றொரு பெண்மணியுடன் சேர்ந்து அமைத்ததே ‘அல்-அனான்’. அதன் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோய்க்குத் தம் கணவரையே பறிகொடுத்தவர். 1980-இல் அவர் தோற்றுவித்த நிறுவனத்தின் மருத்துவமனையில், நோயாளிக்கு மட்டுமன்றி, குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை உண்டு. கணவரை அடக்கம் செய்துவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் கவனித்திருந்தால் பிழைத்திருப்பாரோ’ என்று தம்மையே நொந்துகொள்ளும் விதவைகள் நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: அந்த நோயை உண்டாக்கியவர் நீங்கள் அல்லர், அதைத் தனியே தீர்க்கவும் உங்களால் ஆகாது.

அன்பு என்று எண்ணி நாம் செய்யும் சில காரியங்கள் நோயையே வளர்க்கின்றன. போதை தெளியாது படுத்திருப்பவருக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் பொய் சொல்வதும், அவர் வாங்கிய கைமாற்றை நகையை அடகு வைத்துத் தீர்ப்பதும் அத்தகையவை. இன்னொன்றும் சொல்லவேண்டும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும், வலிப்பும், சித்தக்கலக்கமும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு நிறுத்துவது நன்றே. புறப்படுமுன் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

அத்தாயை மீண்டும் அழைத்துப் பேசினோம். சாவியை ஒரே நாளில் ஒப்படைக்க வேண்டாம், சிறிய பொறுப்பு ஒன்றை முதலில் கொடுத்துப் பாருங்கள் என்றோம். ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவர அவரையே அனுப்பினாராம். அவர் திரும்பும்வரை வாசலிலேயே நின்றாராம். இரசீதை இவர் கேட்கவில்லை. அவரே எடுத்து மேசைமேல் வைத்தாராம்.