சேற்றுக்கரி நிலமும் நைட்ரஜன் மிகையும்

மண் உயிரற்ற பொருள் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஒரு சிட்டிகை நன்செய் மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை உழவனிடம் கூலி கேளாத வேலையாட்கள். உதிர்ந்த இலையையும் மடிந்த வேரையும் மட்கச் செய்து, மீண்டும் பயிருக்கு உணவாக்கித் தருவன அவையே. அவ்வேலையாட்களுக்கு நைட்ரஜன் அளவுக்கு மிஞ்சிக் கிடைக்குமாயின் யாது நேரும் என்பதையும், சேற்றுக்கரி நிலங்களில் அது எத்தகைய கேடாக முடியும் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முன்னாளில் உப்புவாயு என்று வழங்கப்பெற்ற நைட்ரஜன், நாம் உட்கொள்ளும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு உள்ளது. இத்துணை நிறைந்திருந்தும் பயிர்கள் அதனை நேரே உண்ண வல்லன அல்ல. கடல் நடுவே இருந்தும் குடிக்க நீரின்றித் தவிப்பவனுடைய நிலையே பயிரின் நிலையும். இக்குறையை நீக்குவன சில பாக்டீரியாக்கள். விருத்தாசலத்தினின்று உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில், மங்கலம்பேட்டையைச் சூழ்ந்துள்ள கொல்லைகளில், மல்லாட்டை என்று நம்மவர் கூறும் மணிலாக்கொட்டைச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு போன்ற சிறு முடிச்சுகள் காணப்படும். நன்கு வளர்ந்த முடிச்சொன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே செந்நிறம் தோன்றும். அம்முடிச்சினுள் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. அதற்கு மாறாகச் செடியினிடம் சர்க்கரையைப் பெறுகின்றன. இப்பாக்டீரியாவை 1888-ஆம் ஆண்டில் முதன்முதல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் என்பவர். இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். மண்ணில் நைட்ரஜன் உரம் மிகுந்திருப்பின் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் நெல் நிறைந்திருக்கும்போது கடைக்குச் சென்று அரிசி வாங்குவார் உண்டோ? இந்நியதியைப் பின்னரும் காண்போம்.

நுண்ணுயிர்கள் செய்துவந்த இவ்வேலையை மனிதன் ஆலையிற் செய்யக் கற்றது இருபதாம் நூற்றாண்டில். ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஹேபர் 1909-இல் காற்றினின்று அம்மோனியா செய்து காட்டினார். பாஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக்க, 1913-இல் ஓப்பாவ் நகரில் ஆலை இயங்கத் தொடங்கிற்று. இன்று உலக ஆலைகள் இவ்வாறு பிடிக்கும் நைட்ரஜன் ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேற்பட்டது. அதனால் கோடானுகோடி மக்கள் உண்டு உயிர் வாழ்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வயலில் இடும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியே உலகெங்கும் பயிரைச் சேர்கின்றது. எஞ்சியது எங்கே செல்கின்றது?

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உண்டு. அது ஈரமண்ணில் விழுந்ததும், நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிப்பொருள் ஒன்று அதனை அம்மோனியாவாகச் சிதைக்கின்றது. ஒரு பகுதி ஆவியாகிக் காற்றிற் கலக்கின்றது. மற்றொரு பகுதியை வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது நீரோடு கரைந்து கிணற்றையும் ஓடையையும் அடைகின்றது. நீர் தேங்கிப் பிராணவாயு அற்ற இடத்தில் இன்னும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைச் சுவாசித்து, நைட்ரஸ் ஆக்ஸைடு முதலிய வாயுக்களை வெளிவிடுகின்றன. இவற்றோடு மோட்டார் வண்டிகளும் அனல்மின் நிலையங்களும் உமிழும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சேர்கின்றன. இவற்றுள் அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் காற்றால் சுமக்கப்பட்டு, ஒருபிடி உரமும் கண்டறியாத காட்டிலும் மலையிலும் மழையோடும் தூசோடும் வந்து இறங்குகின்றன. இதனையே நைட்ரஜன் மாசு என்கிறோம்.

இனிச் சேற்றுக்கரி நிலத்தைப் பற்றிக் கூறுவோம். பீட் என்று மேனாட்டார் வழங்கும் பொருளே சேற்றுக்கரி. முற்றா நிலக்கரி என்றும் கூறுவர். நீர் வற்றாத பள்ளங்களில் புல்லும் பாசியும் மடிந்து, முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிவதால் உண்டாவது இது. ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்வதே அரிது. பூமியின் நிலப்பரப்பில் இத்தகைய நிலம் நூற்றுக்கு மூன்று பங்களவே. ஆயினும் உலக மண்ணிலுள்ள கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதில் அடங்கியுள்ளது.

இஃது எங்கோ மேனாட்டில் உள்ள விஷயம் என்று நம் நாட்டார் எண்ணவேண்டா. மங்கலம்பேட்டைக்குக் கிழக்கே அதிக தூரமில்லாத நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட சதுப்புக் காடுகளின் சேற்றுக்கரியே. மண்ணின் பாரத்தால் அழுந்தி இறுகியது. அக்கரியைக் கொண்டு யூரியா செய்யும் ஆலையொன்றும் நெய்வேலியில் 1960-களில் தொடங்கப்பெற்றுப் பல்லாண்டு இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. பண்டைச் சேற்றுக்கரியே இன்றைய வயலுக்கு நைட்ரஜன் உரமாயிற்று என்பது வியப்பன்றோ?

வாழும் சேற்றுக்கரியைக் காண நீலகிரிக்குச் செல்லவேண்டும். அங்கே உயர்ந்த புல்வெளிகளின் இடையேயுள்ள பள்ளத்தாக்குச் சதுப்புகளில் கருநிறச் சேற்றுக்கரி படிந்துள்ளது. சுகுமார் முதலிய இந்திய விஞ்ஞானிகள் அதனை ஆராய்ந்து, 1993-இல் வெளியிட்ட கட்டுரையில், இருபதாயிரம் ஆண்டுகளாக அம்மலையில் மழையும் வறட்சியும் மாறிமாறி வந்த வரலாற்றை எடுத்துரைத்தனர். எழுத்து தோன்றுமுன் எழுதப்பட்ட சரித்திர நூல் என்று அதனைக் கூறலாம்.

அந்நிலத்தில் இலை மட்காமல் இருப்பதற்குக் காரணம் யாது? காரணங்கள் பல. நீர் நிறைந்திருத்தலின் பிராணவாயு உட்புகுவதில்லை. பல சதுப்புகளில் புளிப்புத்தன்மை மிகுதி. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜனும் அரிது. இவற்றோடு, செடிகளினின்று கசியும் பீனால் வகைப் பொருள்கள் சேற்றில் தேங்கி, நுண்ணுயிர்களின் நொதிப்பொருள்களை முடக்கிவிடுகின்றன. பீனாலைச் சிதைக்கும் நொதிக்கோ பிராணவாயு வேண்டும்; அது சேற்றில் இல்லை. ஆகவே கரிக்களஞ்சியம் பூட்டப்பட்டே கிடக்கின்றது. வேல்ஸ் நாட்டுப் பிரீமன் என்பாரும் அவருடைய துணைவரும் 2001-இல் இப்பூட்டின் இயல்பை விளக்கினர்.

நைட்ரஜன் மாசு இப்பூட்டைத் திறக்கும் திறவுகோல்களுள் ஒன்று. பஞ்சத்தில் அடங்கியிருந்த நுண்ணுயிர்களுக்குத் திடீரென உணவு கிடைத்தாற்போல் ஆகின்றது. அவை பெருகி, கரியைச் சிதைக்கும் நொதிகளை மிகுதியாகச் சுரக்கின்றன. செடிகளின் உடலிலும் நைட்ரஜன் ஏறிப் பீனால் குறைதலால், உதிரும் சருகு விரைவில் மட்குகின்றது. ஐரோப்பாவில் நைட்ரஜன் வீழ்ச்சி பலவாறாக உள்ள சதுப்புகளை ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆராய்ச்சி, மாசு மிகுந்த இடங்களில் சருகு மட்குதலும் கரியமிலவாயு வெளிப்படுதலும் மிகுந்திருக்கக் கண்டது.

நுண்ணுயிர்க் குடிகளின் ஒழுங்கும் மாறுபடுகின்றது. பாசியோடு கூடி வாழ்ந்து காற்றினின்று நைட்ரஜன் பிடித்த பாக்டீரியாக்கள் தம் தொழிலைக் குறைத்துக்கொள்கின்றன. மல்லாட்டை வேரிற் கண்ட நியதியே இங்கும். சதுப்பினின்று எழும் மீதேன் வாயுவை உண்டு அடக்கும் பாக்டீரியாக்களையும் மிகுந்த அம்மோனியம் தடுக்கவல்லது. நைட்ரேட்டைச் சுவாசிப்பனவோ பெருகி, நைட்ரஸ் ஆக்ஸைடை வெளிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் இவ்வாயு, அதே நிறையுள்ள கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பூமியில் தங்கச் செய்வது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கேயுள்ள விம் என்னும் சதுப்பில் 2002 முதல் நடைபெற்ற சோதனையில், அம்மோனியா வாயுவாக வந்த நைட்ரஜன், மழைநீரோடு வந்த அதே அளவு நைட்ரஜனினும் மிகுந்த கேடு செய்து, பாசியையும் புதர்ச்செடியையும் கருகச் செய்தது. இத்தகைய சதுப்புகள் ஏக்கர் இரண்டரை கொண்ட ஒரு ஹெக்டேருக்கு ஆண்டொன்றில் 5 முதல் 10 கிலோ நைட்ரஜனுக்குமேல் தாங்கமாட்டா என ஐரோப்பிய அறிஞர் வரையறுத்துள்ளனர். நம் உழவர் ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு இடுவது நூறு கிலோவுக்கு மேலும் ஆகும். வயலுக்கு அமுதமானது சதுப்புக்கு நஞ்சாதலை இதனால் அறியலாம்.

நீலகிரிச் சதுப்புகள் பாசியினும் புல்லாலும் கோரையாலும் பெரிதும் ஆயவை. ஆகலின் மேனாட்டு அளவுகளை அப்படியே அவற்றுக்குப் பொருத்துதல் தகாது. எனினும் நுண்ணுயிரின் பசி எங்கும் ஒன்றே. அச்சதுப்புகள் பல வடிக்கப்பட்டுக் காய்கறித் தோட்டங்களாயின. வடித்தல் பிராணவாயுவை உட்புகுத்துகின்றது. உரம் நைட்ரஜனை ஊட்டுகின்றது. இரண்டு திறவுகோல்களும் ஒருங்கே சேர்ந்தால் பூட்டு எவ்வளவு நாள் தாங்கும்? இருபதாயிரம் ஆண்டு சேர்த்த செல்வம் ஒரு தலைமுறையில் அழிதல் கூடும். அச்சதுப்புகளோ மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து மெல்ல விடுவன. அந்நீர் பவானி வழியே காவிரியை அடைகின்றது. காவிரி நீர் கொள்ளிடத்தின் வழியே வீராணத்தை நிரப்பிச் சிதம்பரத்தைச் சார்ந்த வயல்களில் பாய்கின்றது. மலையுச்சிச் சேற்றுக்கும் நம் சோற்றுக்கும் உள்ள உறவு இதுவே.

இதற்கு உரத்தை அறவே ஒழிக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அது பஞ்சத்தை அழைப்பதாகும். பயிர் வேண்டும் காலத்தில், வேண்டும் அளவில், பலமுறையாகப் பிரித்து இடுதல் நன்று. வேப்பெண்ணெய் பூசிய யூரியா நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தைத் தணிக்கின்றது. இந்திய அரசாங்கம் 2015-இல் உழவுக்குரிய யூரியா முழுவதையும் அவ்வாறே செய்யும்படி விதித்தது. நெல் அறுவடைக்குப்பின் உளுந்தும் பயறும் விதைக்கும் நம் பழைய வழக்கம், வேர் முடிச்சுகளின் உதவியை விலையின்றிப் பெறும் வழி. எஞ்சிய சதுப்புகளை வடிக்காமல் விடுதல் எல்லாவற்றினும் எளிது.

ரசாயனமும் தாவர சாஸ்திரமும் பயிலும் நம் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும்போது, மூட்டைக் கணக்கில் உரமிடும் பெரியோர்களிடம் இவற்றைப் பணிவோடு எடுத்துரைப்பார்களாக. கண்ணுக்குத் தெரியாத வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுவதில்லை. அவர்களை நிலை தடுமாறச் செய்யாதிருத்தலே அவர்களுக்கு நாம் செய்யும் நன்றி.