கொட்டகையில் கார் கட்டுவோருக்கு 30 நாள் கெடு

பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டிச் சாலையில் ஓட்டச் சட்டத்தில் இடமுண்டு. ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரைப் போலக் கட்டுகிறவர்கள் எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைப்பார்கள். அதற்குக் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய டிரான்ஸாக்ஸில் வேண்டும். ரெனோ, ஆடி, போர்ஷே கார்களிலிருந்து கழற்றிய பழைய பெட்டியைத்தான் பலரும் தேடிப் பிடிக்கிறார்கள். விலை அதிகம், உள்ளே பல்சக்கரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது வெளியே தெரியாது.

கார் முடிய வருடக்கணக்கில் ஆகும். அதுவரை பெட்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். சட்டத்தின் கெடுவோ அது கைக்கு வந்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்ற பொருளில் குறையிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது உண்டு. ஆனால் வயதுக்கேற்ற தேய்மானம் குறையாகாது. கெடு தாண்டினால், சரிசெய்யவோ மாற்றித் தரவோ அவருக்கு முதலில் ஒரு வாய்ப்புத் தரவேண்டும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. அதன்பின் நிரூபிக்கும் சுமை நம்முடையது. தனிநபரிடம் வாங்கினால் பாதுகாப்பு மிகக் குறைவு. அவர் சொன்னபடி பொருள் இருக்கவேண்டும், அதை விற்க அவருக்கு உரிமை இருக்கவேண்டும், அவ்வளவுதான். எனவே விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள்.

பெட்டி வந்த வாரமே எண்ணெயை வடித்து உலோகத் துகள் இருக்கிறதா பாருங்கள். இன்புட் ஷாஃப்டைக் கையால் சுழற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அடுத்தது திசை. போர்ஷே 911-இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும். அதன் ஐந்து கியர் பெட்டியை, எஞ்சின் அச்சுக்கு முன்னால் வரும்படி அப்படியே திருப்பி வைத்தால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக ஐந்தும் கிடைக்கும்! இது பெட்டியின் பழுது அல்ல. ஆனால் வாங்கும் முன்பே, “என் காரில் எஞ்சின் அச்சுக்கு முன்னால் வருகிறது, இது பொருந்துமா?” என்று எழுத்தில் கேட்டிருந்தால் நிலைமை வேறு. சொன்ன தேவைக்குப் பொருள் பொருந்தவேண்டும் என்கிறது அதே சட்டம். இந்த ஒரு வரிக் கேள்வியைத்தான் முதலில் வலியுறுத்துவேன்.

பூட்டும்போது நாம் செய்யும் பிழைக்கு வியாபாரி பொறுப்பாகமாட்டார். கிளட்ச் பிளேட்டை அதற்குரிய கருவியால் நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பெல்ஹவுசிங் கையால் தள்ளியே எஞ்சினோடு சேரவேண்டும். கடைசி இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடினால் ஏதாவது ஒன்று உடையும். பெட்டியின் கனத்தை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட் வளைந்து, பெடலை மிதித்தாலும் கிளட்ச் விடாது. ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படமெடுங்கள்.

உடம்பும் முக்கியம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-இல்தான். அதனால் பழைய கிளட்ச் தூசியில் அது இருக்கலாம், அதைக் காற்றடித்து ஊதவே கூடாது. சுழலும் பாகங்களும் ஆபத்தானவை. 1970-இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தடத்தில் டிரான்ஸ்மிஷன் வெடித்து, டிராக் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். நீங்கள் கட்டும் காரில் கிளட்ச் சுழல்வது உங்கள் முதுகுக்குப் பின்னால். கடைந்து மெலிதாக்கிய பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் சுழலும்போது சிதறக்கூடும், அதைத் தொடாதீர்கள்.

குறை கண்டால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்து, கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்டு வரையான கோரிக்கையைச் சிறு வழக்கு முறையில் கொண்டுபோகலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இலவசமாக வழிகாட்டும்.

எடுத்த படங்களையும் ரசீதுகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். சாலைக்கு வருமுன் நடக்கும் தனி வாகன ஒப்புதல் சோதனைக்கு, காரைக் கட்டியது நீங்கள்தான் என்று காட்ட அவையே சான்று. காப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது எஞ்சினும் டிரான்ஸாக்ஸிலும் எந்தக் காரிலிருந்து வந்தவை என்பதை மறைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கவனக்குறைவாகத் தவறு சொன்னால் இழப்பீடு குறையலாம். தெரிந்தே பொய் சொன்னால் முழுவதையும் மறுக்கலாம்.