பனியில் நிற்கும் குதிரைக்கு ஏன் குளிர்வதில்லை?

மொன்டானாவின் குளிர்காலம். வண்டிவீட்டுக்குள் மனிதர்கள் புரொபேன் ஹீட்டரோடு முடங்கிக் கிடக்க, வெளியே குதிரையின் முதுகில் பனி உருகாமல் கிடக்கிறது. பாவம் என்று தோன்றும். உண்மையில் அது நல்ல அறிகுறி. சிலிர்த்து நிற்கும் அடர்ந்த ரோமம் காற்றைப் பிடித்துவைத்து, உடல் சூட்டை வெளியே விடுவதில்லை. ரோமம் நனைந்து படிந்தால்தான் வம்பு.

சூடு எங்கிருந்து வருகிறது? பின்குடலில் நுண்ணுயிர்கள் உலர்புல்லின் நாரை நொதிக்கவைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அதனால்தான் குளிர் கூடினால் தானியத்தை அல்ல, புல்லைக் கூட்டிப் போடுகிறார்கள்.

போர்வையைவிடத் தண்ணீர் வாளிதான் முக்கியம் என்பேன். நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும் பிராணி, நீர் உறைந்தால் குடிப்பதைக் குறைத்துவிடும். காய்ந்த தீவனம் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். பனியை நக்கித் தாகம் தீராது. கெட்டிலில் சுடவைத்த நீரைக் கலந்து வெதுவெதுப்பாக வைத்தால், கூடுதலாகவே குடிக்கும்.