அளந்து முடியும்வரை சட்டம் காத்திருக்க வேண்டுமா?

ஆலையின் புகைபோக்கியில் கருவியைப் பொருத்தினால், அது எவ்வளவு நச்சு வாயுவைக் கக்குகிறது என்று தெரிந்துவிடும். மாட்டுப் பண்ணைக்கும் பன்றிப் பண்ணைக்கும் புகைபோக்கி கிடையாது. சிறுநீரிலுள்ள யூரியாவைச் சாணத்திலுள்ள நொதி உடைத்ததும் அம்மோனியா கிளம்புகிறது. வெயில் ஏறினால் அது கூடும். காற்று வீசினாலும், தீவனத்தில் புரதம் மிஞ்சினாலும் கூடும். கழிவுக் குட்டையின் அடியில், காற்றுப் புகாத இடத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. விசிறி வைத்த மூடிய கொட்டகை என்றால், வெளியேறும் காற்றின் அளவை அதிலுள்ள வாயுவின் அடர்த்தியால் பெருக்கிக் கணக்கிடலாம். திறந்து கிடக்கும் குட்டைக்கு அந்த வழி உதவாது. அதன் ஓரமாக ஒளிக்கற்றையைச் செலுத்தி, வாயு எவ்வளவு ஒளியை உறிஞ்சியது என்று பார்த்து, காற்றின் திசையையும் வேகத்தையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அதையும் எல்லாப் பருவங்களிலும் செய்தாக வேண்டும்.

ஆகவே, அளப்பது கடினம் என்பது பொய்யல்ல. ஆனால் அந்தக் கடினத்தையே காரணம் காட்டிச் சட்டத்தைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 2005-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பண்ணையாளர்களோடு ஓர் உடன்பாடு செய்தது. அவர்கள் சிறு அபராதமும் ஆய்வுக்கான பங்கும் செலுத்துவார்கள். கணக்கிடும் முறை தயாராகும்வரை அரசு அவர்கள்மீது வழக்குத் தொடராது. ஏறத்தாழ 14,000 பண்ணைகள் இதில் சேர்ந்தன. பர்டியூ பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2007 முதல் 2010 வரை அளவீடு நடந்தது. அளந்தாயிற்று, சூத்திரம் மட்டும் வரவில்லை. உடன்பாடு ஏற்பட்டு 11 ஆண்டுகள் கழிந்தும் நம்பத்தக்க முறை எதையும் முகமை உருவாக்கவில்லை என்று அதன் சொந்தத் தணிக்கைப் பிரிவே 2017-இல் குறை சொன்னது. 2012-இல் வந்த சில வரைவுகளுக்குப் பிறகு, புதிய வரைவுகள் 2020-இல்தான் வெளிவரத் தொடங்கின. இதற்கிடையே, ஒரு நாளில் 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, மேல் அம்மோனியா வெளியேறினால் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து பண்ணைகளுக்கு 2008-இல் தரப்பட்ட விலக்கை நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, பண்ணைகளை மீண்டும் விடுவித்தது. காத்திருந்தவர்கள் பண்ணைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்போர். காத்திருப்பால் லாபம் அடைந்தவர்கள் வேறு.

சாண நாற்றம் கிராமத்துக்கு இயல்புதானே, சிறு விவசாயியை ஏன் வதைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நாளொன்றுக்கு 45 கிலோ என்ற வரம்பைச் சில மாடுகள் வைத்திருப்பவர் எட்டவே முடியாது. அது பெருங்கொட்டகைகளின் கணக்கு. நாற்றத்தோடும் விஷயம் முடிவதில்லை: அம்மோனியா காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து, நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகளாகிறது.

தோராயமான எண்ணை வைத்துச் சட்டம் போட்டால் அநீதி ஆகாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. நெதர்லாந்தில் கால்நடை வகைக்கும் கொட்டகை அமைப்புக்கும் ஏற்ப, ஒரு தலைக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ அம்மோனியா என்று நிர்ணயித்து அனுமதி வழங்கினார்கள். நாற்றத்துக்கும் அப்படியே அட்டவணை உண்டு. அந்த எண்களும் ஏமாற்றின. கொட்டகைக் காற்றைக் கழுவும் கூட்டுக் கருவிகள், அட்டவணை சொன்னதில் ஏறத்தாழ பாதியளவே நாற்றத்தைக் குறைத்தன என்பது 2018-இல் வெளியான வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்தது. ஆனால் அங்கே நடந்ததைக் கவனியுங்கள்: விதி ஏற்கெனவே இருந்ததால், அதே ஆண்டில் எண்ணைத் திருத்த முடிந்தது. அமெரிக்காவில் திருத்துவதற்கு எண்ணே இருக்கவில்லை.

பிழையான எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். எண்ணே இல்லாத இடத்தில் யாரையும் பொறுப்பாக்க முடியாது. கையிலிருக்கும் மதிப்பீட்டை வைத்துப் பெரிய பண்ணைகளுக்கு இன்றே வரம்பு விதித்து, அளவீட்டைத் தொடர்ந்து நடத்தி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த மதிப்பீட்டைத் திருத்துவதே நியாயமான வழி. தனது எண் அதைவிடக் குறைவு என்று கருதும் பண்ணையாளர், சொந்தச் செலவில் அளந்து காட்டட்டும்.