எட்டுப் புள்ளி, இரண்டு கூட்டம்

ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். கல் குவியல், பழக்குலை, புற்கட்டு, ஆட்டு மந்தை என்று கூட்டப்பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறானாம். தெருமுனையில் தனியாகச் சுவரொட்டி தின்றுகொண்டிருந்த ஓர் ஆட்டைப் பார்த்ததும் “அம்மா, மந்தை!” என்றிருக்கிறான். கோளாறு பையனிடமா, டீச்சரிடமா?

இருவரிடமும் இல்லை. புதுச் சொல் காதில் விழுந்தால், கண்முன் முழுசாக நிற்கும் ஒரு பொருளுக்கு அதை ஒட்டிவிடுவது சின்னப் பிள்ளைகளின் சுபாவம். அதனால்தான் அத்தனை வேகமாகச் சொற்களைச் சேர்க்கிறார்கள். எலிசபெத் ஷிப்லி, பார்பரா ஷெப்பர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதை வேடிக்கையாகக் காட்டியிருக்கிறார்கள். முழு முள்கரண்டிகளோடு உடைந்த ஒன்றையும் வைத்து எண்ணச் சொன்னால், உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் ஒரு முள்கரண்டியாக எண்ணின குழந்தைகள். எத்தனை நிறம் என்று கேட்டாலும் நிறத்தை விட்டுவிட்டுப் பொருள்களையே எண்ணின. தனித்து நிற்பதுதான் ‘ஒன்று’. அப்படியிருக்க, நாற்பது ஆடு சேர்ந்து எப்படி ஒன்றாகும்?

எனக்குப் பிடித்த சங்கதி இங்கேதான் வருகிறது. பேச்சே வராத குழந்தைக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது. கேரன் வின், பால் புளூம், வென்-சி சியாங் மூவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு வயது ஐந்து மாதம். திரையில் மூன்று மூன்று புள்ளிகள் கொண்ட கூட்டங்கள் நகர்கின்றன. சில குழந்தைகளுக்கு இரண்டு கூட்டம், சில குழந்தைகளுக்கு நான்கு. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் முகத்தைத் திருப்பும்வரை அதே காட்சி. பிறகு காட்சி மாறுகிறது: ஒருமுறை நான்கு புள்ளிகளாக இரண்டு கூட்டம், இன்னொரு முறை இரண்டு புள்ளிகளாக நான்கு கூட்டம். இரண்டிலும் மொத்தம் எட்டே புள்ளிதான். புள்ளியை மட்டும் பார்க்கும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதானே? ஆனால், கூட்டங்களின் எண்ணிக்கை மாறிய காட்சியைத்தான் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தன.

புள்ளிகளைக் கட்டிவைத்தது எது? சேர்ந்து நகர்ந்ததுதான். ஒரே திசையில் ஒரே வேகத்தில் போவதைக் கண் ஒன்றாக முடிந்துவிடுகிறது. இதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே எழுதிவைத்தார். வாழைப்பழக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சீப்பில் ஒரு பழத்தைப் பிடித்துத் தூக்கினால் மற்றவையும் கூடவே வரும். ஆகவே சீப்பு ஒன்று. தாரைத் தூக்கினால் சீப்புகள் எல்லாமே வரும். ஆகவே தாரும் ஒன்று. பழங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கூடையில் போட்டால் எடை குறையாது, சீப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். அரைச் சீப்பு கேட்டால் கடைக்காரர் கத்தியால் ஒரு வெட்டு வெட்டி இரண்டு ‘ஒன்று’களை உண்டாக்கிவிடுகிறார். சரி, இரட்டைப்பழம்? தோல் ஒன்று, பழம் இரண்டு. அதற்குக் காசு எப்படி வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். உவமையை இங்கேயே இறக்கிவைத்துவிடுகிறேன்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. இங்கிலாந்தில் 1486-ல் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம், வேட்டைக்குப் போகும் கனவான்களுக்காகக் கூட்டப்பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று தந்தது. சிங்கக் கூட்டத்துக்குச் ‘செருக்கு’, கன்னியாஸ்திரிகள் கூட்டத்துக்குத் ‘தேவைக்கு மேல்’ என்கிற ரீதியில் பாதி பவிசு, பாதி நக்கல். இந்த ரகப் பட்டியல்களைத்தான் இன்று ‘பொது அறிவு’ அட்டைகளாக அச்சிட்டு, குழந்தையின் மூளை வளரும் என்று விற்கிறார்கள். வளரட்டும்.

கூட்டப்பெயர்களின் உருப்படியான பலன் வேறிடத்தில் இருக்கிறது. குட்டித் தவளைகள் நிறைய, பெரிய தவளைகள் இரண்டு. “குட்டித் தவளை அதிகமா, தவளை அதிகமா?” என்றால் பிள்ளைகள் “குட்டிதான்” என்பார்கள், உளவியலாளர் பியாஜே காலத்துப் புகழ்பெற்ற இடறல் இது. எல்லன் மார்க்மன் என்ற ஆய்வாளர் 1973-ல் ‘தவளைகள்’ இருந்த இடத்தில் ‘குடும்பம்’ என்று போட்டுக் கேட்டார். பல பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். குடும்பம் என்றதும் குட்டிகளும் அதற்குள்தானே என்பது பிடிபட்டுவிடுகிறது.

இவை ஆங்கிலச் சூழலில் வளரும் பிள்ளைகளிடம் கிடைத்த முடிவுகள் என்பதை மறக்க வேண்டாம். ஒருமையா பன்மையா என்பதை ஆங்கிலம் வாக்கியந்தோறும் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் பேச்சில் ஓர் ஆடு என்றாலும் ‘மேயுது’, நாற்பது ஆடு என்றாலும் ‘மேயுது’தான். அந்தத் துப்பு நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. ஐந்து மாதக் குழந்தை ‘கூடுதல் நேரம் பார்த்தது’ என்பதிலிருந்து, அதற்கு மந்தை என்றால் என்னவென்று தெரியும் என்று தாவுவதும் அதிகப்படி.

அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை. படம் போட்ட அட்டையில் ஆடுகள் நகராமல் நிற்கின்றன. அட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் புளியங்கொட்டைகளைத் தரையில் மூன்று குவியலாகப் போடுங்கள். ஒரு குவியலை உள்ளங்கையால் அப்படியே தள்ளிக்கொண்டு போய், “எத்தனை கூட்டம்?” என்று கேளுங்கள். இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஒரே ஒரு கொட்டையை மட்டும் தனியே நகர்த்தி, இது கூட்டமா என்றும் கேளுங்கள். சண்டைக்கு வருவான், வரட்டும்.