மூடுவண்டிச் சரக்கில் ஈரமும் பூஞ்சணமும்

மழைக்காலம் நெருங்கினால் குடோனைப் பற்றிக் கவலைப்படாத வியாபாரி இல்லை. தரையில் கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மூட்டை அடுக்கி, ஓடு மாற்றி, ஒழுகல் பார்த்து எல்லாம் செய்கிறோம். ஆனால் அதே சரக்கு வண்டியில் இருக்கும்போது அதன் கதி என்ன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மோகனூர், பரமத்தி வேலூர், நாமக்கல் வட்டாரத்தில் இன்று வியாபாரத்தில் ஒரு நல்ல பங்கு வண்டியில்தான் நடக்கிறது. சந்தைக்குச் சந்தை போகிறவர்கள் உண்டு. மினி வேனில் மளிகை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர்களும் உண்டு. இவர்கள் இரவில் மிச்சச் சரக்கை இறக்குவது கிடையாது. கதவைப் பூட்டி வாசலில் நிறுத்திவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அப்படியானால் அந்த வண்டியே ஒரு குடோன்தான். சன்னல் இல்லாத, தகரக் கூரை போட்ட குடோன். லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு நாடெங்கும் பெயர் உண்டு. ஆனாலும் எந்தப் பாடியும் உள்ளிருக்கும் ஈரத்தைத் தானாக வெளியே தள்ளிவிடாது.

வெளியே ஒரு தூறல்கூட இல்லை, கூரையிலும் ஓட்டை இல்லை. காலையில் கதவைத் திறந்தால் மேல் மூட்டை நனைந்திருக்கிறது. உடனே டிரைவரைத் திட்டுகிறோம். உண்மையில் நடப்பது வேறு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் தண்ணீரை ஆவியாக வைத்திருக்க முடியும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்கு மேல் தாங்காது. மீதி 13 கிராம் எங்கே போகும்? இரவில் முதலில் குளிர்வது கூரைத் தகடு. அதன் அடிப்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து, கீழே இருக்கும் சாக்கின் மேல் சொட்டுகிறது. ஓட்டுநர்கள் இதை வண்டிக்கு வேர்க்கிறது என்பார்கள். சரியான பேச்சு அது.

சின்ன வண்டிக்குள் இருக்கும் காற்றில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தேறாதே, அதனால் என்ன என்று கேட்கலாம். காற்று வெறும் வழிதான். தண்ணீர் இருப்பது சரக்கில். 14 சதவீத ஈரமுள்ள மக்காச்சோளம் ஒரு டன் ஏற்றினால் அதனுள் 140 லிட்டர் தண்ணீரையும் சேர்த்தே ஏற்றுகிறோம். பகல் வெயிலில் பாடி காயும்போது சரக்கு ஆவியை விடுகிறது; இரவில் அது கூரையில் கோத்து மேல் மூட்டையில் விழுகிறது. நான்கு நாள் இப்படி நடந்தால் மொத்தப் பாரத்தின் ஈரம் சரியாகவே இருக்கும். ஆனால் மேல் வரிசை மட்டும் பூத்துப் போயிருக்கும். கீழ் மூட்டையில் சாம்பிள் எடுத்துப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

ஆகவே முதல் வைத்தியம் ஏற்றுமதியில்தான். நிலக்கடலைப் பருப்பு 7, 8 சதவீதத்துக்கு மேலும், மக்காச்சோளம் 13க்கு மேலும், வற்றல் மிளகாய் 11க்கு மேலும், கொப்பரை 6க்கு மேலும் ஈரம் இருந்தால் மூடுவண்டியில் ஏற்றக்கூடாது. ஈரமானி வாங்கும் செலவு ஒரு மூட்டை கெடும் நஷ்டத்தில் அடங்கிவிடும். கையால் அள்ளிக் குலுக்கிப் பார்த்துச் சொல்லும் பழைய மண்டிக்காரர்களின் காது நல்ல காதுதான். ஆனால் 12க்கும் 14க்கும் உள்ள வித்தியாசத்தை அது எப்போதும் சொல்லிவிடாது.

வெல்லத்தின் குணம் இதற்கு நேர் மாறு. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுக்கும். பிலிக்கல்பாளையம் ஏலத்தில் எடுத்த சிப்பத்தை அடைமழையில் இரண்டு நாள் வண்டியிலேயே விட்டால் சாக்கு கசியத் தொடங்கிவிடும். உப்பும் அப்படித்தான், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்விடும். வெல்லத்தையும் உப்பையும் மிளகாய், பருப்பு மூட்டைகளோடு ஒட்டி அடுக்குவது கூடாது. இடையே ஒரு பிளாஸ்டிக் விரிப்பாவது வேண்டும்.

வண்டியைச் சோதிப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நல்ல வெயிலில் ஒரு பையனை உள்ளே நிற்கவைத்துக் கதவை மூடுங்கள். ஊசி முனையளவு வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் மழை நுழைகிற இடம். பெரும்பாலும் ரிவிட் அடித்த வரிசையிலும் கதவு ரப்பரின் கீழ் மூலையிலும்தான் தெரியும். சாக்பீஸால் அடையாளமிட்டு அடைத்தபின், கூரையில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். அடுத்தது தரை. ரெக்ஸினோ பிளாஸ்டிக்கோ பலகையோடு ஒட்டி விரித்திருந்தால் முதலில் எடுத்தெறியுங்கள். சிந்திய தண்ணீர் அடியில் தங்கி, பலகை மக்கி, பூஞ்சணம் அங்கிருந்துதான் சாக்குக்கு ஏறுகிறது. மரச்சட்டம் அடித்து அதன்மேல் மூட்டை நின்றால் போதும். ஏற்கெனவே சிக்கு வாடை அடிக்கும் வண்டியை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, இரண்டு கதவும் திறந்து வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே சரக்கேற்ற வேண்டும்.

காற்றோட்டத்துக்கு முன்புறம் தாழ ஒரு துவாரம், பின்புறம் உயர ஒரு துவாரம், இரண்டுக்கும் எலி புகாத வலை, மழை புகாத மூக்கு. பாடி கட்டுபவரிடம் சொன்னால் அரை நாள் வேலை. ஆனால் காற்றோட்டம் என்றவுடன் எந்நேரமும் கதவைத் திறந்து வைப்பது தவறு. மார்கழியில் காவிரிக் கரையோரம் விடியற்காலைப் பனிக்காற்றை உள்ளே விட்டால் ஈரத்தை வருந்தி அழைத்தது போலாகும். வெயில் ஏறிய பின் காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணி வரை திறந்து வைப்பதே பயன். கூரையின் அடியில் பிளைவுட் அல்லது தெர்மாகோல் பதித்தால் தகட்டின் குளிர்ச்சி உள்ளே வராது, சொட்டும் குறையும். அதற்கு வசதியில்லாதவர்கள் மேல் மூட்டைகளின் மீது உலர்ந்த வெற்றுச் சாக்கை இரண்டு மடிப்பாகப் போட்டு, தினமும் எடுத்துக் காயவைக்கலாம். தவறினால் அந்தச் சாக்கே பூஞ்சணத்துக்கு வித்தாகிவிடும்.

கற்சுண்ணாம்பு வைத்தால் ஈரம் இழுக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் பட்டால் அது கொதிக்கும். சாக்கின் பக்கத்தில் வைப்பது ஆபத்து. கடையில் கிடைக்கும் கால்சியம் குளோரைடு பைகள் மேல், விலைதான் கூடுதல். வண்டிக்குள்ளேயே கேஸ் அடுப்பு வைத்து டீ போடுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே சேர்கிறது. நனைந்த குடை, மழைக்கோட்டு கணக்குத் தனி.

இவ்வளவு கவலை எதற்கு, பூத்ததைத் துடைத்து வெயிலில் போட்டால் ஆயிற்று என்பார் உண்டு. துடைத்தால் போவது நிறம் மட்டுமே. கடலை, மக்காச்சோளம், மிளகாயில் வரும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தை விடுகிறது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் தேடியபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த விஷம் இருப்பது தெரிந்தது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட பழங்குடி மக்கள் நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். சமையல் சூட்டில் இது முழுதாக அழிவதில்லை. தானியத்துக்கும் பருப்புக்கும் நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான். நாமக்கல் கோழித் தீவன ஆலைகள் மக்காச்சோளத்தைச் சோதிக்காமல் இறக்காததற்கு இதுவே காரணம். வாங்கிச் செல்லும் நம் மளிகை வாடிக்கையாளரிடமோ சோதிக்கக் கருவி இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சில்லறை வியாபாரிக்கு மிளகாய்ப் பாரம் ஒன்று முன் வரிசை கறுத்து வந்தது. அனுப்பியவர் வண்டியைச் சொன்னார், வண்டிக்காரர் அனுப்பியவரைச் சொன்னார். இறக்கிய அன்றே கடைப் பையன் ரசீதில் 'சரக்கு சரி' என்று கையெழுத்திட்டுவிட்டதால் அவர் பேச்சு எங்கும் எடுபடவில்லை. கதவு திறந்தவுடன் மேல் வரிசையைப் பார்த்து, ஈரமிருந்தால் ரசீதிலேயே எழுதி ஓட்டுநர் கையெழுத்து வாங்கிய பிறகு இறக்குங்கள். 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும். பேசித் தீர்ப்போம் என்று ஆறு மாதம் ஓட்டினால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

பூத்த சரக்கை நல்லதோடு கலந்து தள்ளிவிடுவதும், மாட்டுக்குப் போடுவதும் வேண்டாம். மாடு தின்ற விஷம் பாலில் வரும். செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி மறுபடி மாட்டுக்கே போகும். ஊருக்கு வெளியே, கிணறு இல்லாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, அந்தச் சாக்கையும் மறுபடி பயன்படுத்தாமல் அதிலேயே போட்டு மூடுங்கள்.