சிறு பறவையின் ஜனத்தொகைக் கணக்கு

மனிதரின் ஜனத்தொகையைக் கணக்கெடுப்பது ராஜாங்க காரியம் என்பதை எவரும் மறுப்பதில்லை. சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு மணற்கரைப் பறவைக்கும் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள் என்றால் நகைப்போர் சிலர் இருக்கக்கூடும். அன்னோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்திலுள்ள பெரிய ஏரிகளின் கரையில் நடந்துவரும் வேலையைச் சற்றுக் கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

'பைப்பிங் பிளவர்' என்னும் அப்பறவை நமது உப்புக்கொத்தியின் இனத்தைச் சேர்ந்தது. வேனிற்காலத்தில் திறந்த மணலைச் சீய்த்துக் குழி செய்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டையின் நிறம் மணலின் நிறமே. அதுவே அதற்குக் காப்பு. அதுவே ஆபத்தும் ஆகும். பகைப் பறவைகளின் கண்ணுக்குத் தப்பிய முட்டை, உல்லாசமாய் உலாவ வருவோரின் காலடியில் நசுங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி இவ்வினத்தை வாட்டியது. 1918-ஆம் வருஷத்துச் சட்டம் துப்பாக்கியை அடக்கிற்று. கரையோர மாளிகைகளையும் அவிழ்த்துவிட்ட நாய்களையும் அது அடக்கவில்லை. முன்பு நூற்றுக்கணக்கான ஜோடிகள் வாழ்ந்த அவ்வேரிக் கரைகளில், 1986-ல் அழியும் இனமென்று சட்டம் ஏற்றபோது சுமார் 17 ஜோடிகளே எஞ்சியிருந்தன.

சட்டத்தில் ஒரு வரி ஏறியமாத்திரத்தில் உரிமை நிலைத்துவிடாது என்பதை நியாயஸ்தலங்களில் பழகியோர் நன்கறிவர். சாட்சியம் வேண்டும். எந்தக் கரையில் எந்தக் குழியில் எத்தனை முட்டை, அவற்றுள் எத்தனை பொரித்தன, எத்தனை குஞ்சுகள் பறந்தன என்று சொல்வோர் வேண்டும். அச்சாட்சியமே இக்கணக்கு. பறவையின் காலில் பல வர்ணங்களில் சிறு வளையங்கள் இடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பறவையும் தனித்தனியே அடையாளம் காணப்படுகிறது. குளிர்காலத்தில் பிளாரிடா முதலிய தென்கரைகளில் அதைக் காண்பவரும் இன்ன பறவை என்று தெரிவிக்க இயலுகிறது. கூடு கண்ட இடத்தைச் சுற்றிக் கம்பிவலை அமைக்கிறார்கள். தாய்ப்பறவை அதனூடே நடந்து செல்லலாம். நரி நுழைய முடியாது. பெற்றவை மடிந்து அநாதையான முட்டைகளை மிச்சிகன் மாகாணத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் பொரிக்கவைத்து, வளர்ந்த குஞ்சுகளைக் கரையில் விடுகிறார்கள்.

பொதுஜனங்களுக்குரிய கரையைப் பறவைக்காக மூடலாமா என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் கோருவது கரை முழுவதையுமன்று. சிறு பகுதியையும் சில வாரங்களையுமே. 2019-ல் சிக்காகோ நகரின் மாண்ட்ரோஸ் கரையில் ஒரு ஜோடி கூடு கட்டிற்று. அங்கே நடைபெறவிருந்த பெரிய சங்கீத விழா, ஜனங்களின் ஆட்சேபத்துக்குப்பின் கைவிடப்பட்டது. தொண்டர்கள் முறைவைத்துக் காவல் நின்றார்கள். அதிகாரத்தின் அச்சத்தைவிட ஜனங்களின் சம்மதமே பலமான வேலி.

பலன் யாது? 2023-ல் ஏரிக்கரைகளில் 80 ஜோடிகள் எண்ணப்பட்டன. மகிழ்ச்சிக்குரியதே, ஆயினும் குறித்த இலக்கு 150 ஜோடிகள். பாதிவழி வந்ததைக் காட்டிக் காவலைத் தளர்த்துவது, ஜுரம் தணிந்தவுடன் மருந்தை எறிவதற்கு ஒப்பாகும். எண்ணுவோர் இல்லாவிடில் சரிவும் தெரியாது, ஏற்றமும் தெரியாது. அழிந்தபின் துக்கம் கொண்டாடுவதொன்றே மிஞ்சும். கணக்கெடுப்போரின் படிச்செலவை வீண் செலவென்று கருதுவோர் இதைச் சிந்திப்பார்களாக.